தீமிதி மாதத்து நானூற்று மூன்று

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் விரலுறை கிடக்கிறது. அட்டைகளைப் புரட்டும்போது கட்டைவிரலில் மாட்டிக்கொள்வது. உடன் வேலை பார்த்த, நாங்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டவர், ஓய்வு பெற்ற அன்று என்னிடம் விட்டுப்போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகரத்தில் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் அவரும் நானும் அடுத்தடுத்த மேசை. வீடு திரும்பிய நோயாளிகளின் கோப்பைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணை அட்டையில் ஏற்றுவது எங்கள் வேலை. இரத்த அழுத்தத்துக்கு ஓர் எண், சிறுநீரகக் கோளாறுக்கு வேறோர் எண். ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தால் தனித்தனியாகப் போடக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்து நானூற்று மூன்று. அலுப்பில் நாங்கள் முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டுத் தேநீருக்கு நழுவுவோம். அக்கா கோப்பைக் கடைசித் தாள்வரை படிப்பார். அவரைக் கேலி செய்யாத நாளில்லை.

அப்படிச் சேர்த்துப் போட்டதால்தான் அவருக்கு அது தெரிந்தது. ரப்பர் தோட்டங்களில் தீமிதி முடிந்த கையோடு நானூற்று மூன்று என்ற எண் போட்ட அட்டைகள் மளமளவென்று கூடின. பழைய ஆட்களே முகம் வீங்கி மறுபடி வந்து படுத்தார்கள். விரதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று பெரிய டாக்டரிடம் சொன்னார். அவரும் அக்கறையாகக் கேட்டு, வார்டில் எல்லாரிடமும் எடுத்துச் சொல்லச் செய்தார். கேட்பவர்கள்தான் இல்லை.

அந்த எண்ணில் என் அப்பாவும் இருந்தார். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் வேலை. அந்த வருடமும் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார்.

"அதுல என்ன கவுச்சியக் கலந்திருக்கானோ. வெரதத்துல மாத்திரையத் தொட மாட்டேன்லா" என்றார். நான் அழுதும் மசியவில்லை. இன்னொரு முறை வீங்கினால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை அக்காவிடம் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து, சர்ச்சுக்கு உடுத்திய சேலையோடு, தான் குடியிருந்த சிலிபினிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பஸ் ஏறி வந்தார் அக்கா. அப்பாவிடம் வாதாடப் போகவில்லை. நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் அப்பாவின் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார்.

"அண்ணே, வெரதத்த விடச் சொல்லல. இத ஆத்தா காலடியில வச்சு, நீங்களே தெனம் எடுத்துக் குடுங்க."

பூசாரி கையை வேட்டியில் துடைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் திருநீற்றோடு வந்த மாத்திரையை அப்பா கண்ணில் ஒற்றி விழுங்கினார். அந்த வருடம் பூக்குழி இறங்கிய அப்பா வார்டுக்கு வரவில்லை. அடுத்த வருடம் மற்ற ஆட்களின் பொட்டலங்களும் ஆத்தா காலடிக்குப் போயின. அக்காவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அப்பா என் மகளைத் தூக்கிக் கொஞ்சினார், பள்ளிக்கும் கூட்டிப்போனார். இப்போது எண்களைக் கணினி போடுகிறதாம், நல்லதுதான். எனக்கும் பிரஷர் வந்துவிட்டது. மாத்திரை எடுக்க இழுப்பறையைத் திறந்தால் அந்த விரலுறைதான் முதலில் கைக்கு வரும். ரப்பர் இறுகிப்போய் யார் விரலுக்கும் ஏறாது. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அப்பாவைப் போலவே மாத்திரையைக் கண்ணில் ஒற்றிப் போட்டுக்கொள்கிறேன்.