குரோஸ்னிக்கு எழும்பாத ஒரு மத்தியானம்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். எங்கள் சூப்பர்வைசர் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் தமிழர்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். ஒருவரும் சொல்லித் தரவில்லை. வகுப்புக்குள் வாத்தியார் வந்ததும் எழும்பிப் பழகிய கால்கள். கடல் கடந்தும் அவை மறக்கவில்லை. வாய் நிறையப் புட்டோடு நிற்போம்.

முதல் தடவை அவன் திகைத்துத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான், யாரோ பெரிய மனிதர் வருகிறாரோ என்று. பிறகு அது அவனுக்கு ருசித்துவிட்டது. அவன் கை காட்டும்வரை கதிரையில் இருக்கக் கூடாது என்றாயிற்று. கை காட்டுமுன் கோப்பி ஊற்றுவான், சீனி போடுவான், அவசரமில்லாமல் ஆறுதலாகக் கலக்குவான்.

நான்தான் அவனுக்குப் 'பயங்கர இவான்' என்று பட்டம் வைத்தேன். பள்ளிக்கூடச் சரித்திரத்தில் படித்த ரஷ்ய மன்னன்; பிரபுக்களை நடுங்க வைத்தவன், கோபத்தில் பெற்ற மகனையே அடித்துக் கொன்றவன் என்பார்கள். என் பக்கத்தில் வேலை செய்த ரஷ்யப் பெண் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே உயரம். நன்றாக விளங்கிக்கொள்வோம்.

"பயங்கரம் பிழை. எங்கள் மொழியில் அவன் குரோஸ்னி. இடி மாதிரி. பகைவன் நடுங்குவான், சனம் வணங்கும். அது புகழ்ச்சி."

"மகனைக் கொன்றவனுக்கா?"

"மன்னன்," என்றாள், தோளைக் குலுக்கி.

அன்று முழுக்க அந்தச் சொல்லோடு சண்டை பிடித்தேன். அந்தப் புகழ்ச்சியைச் சூட்டியது யார்? நடுங்கியவர்கள்தானே. நடுக்கம் தன்னைப் பார்த்து வெட்கப்படும்போது மரியாதையை எடுத்து உடுத்திக்கொள்கிறது. எனக்கும் இடி தெரியும். ஊரில் வானத்திலிருந்து விழுந்த குண்டுகளெல்லாம் தெரியும். பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து நாங்கள் அதற்குப் பட்டம் சூட்டவில்லை. காதைப் பொத்திக்கொண்டு வாய் நிறையத் திட்டினோம்.

அடுத்த நாள் மத்தியானம் கதவு திறந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. நான் எழும்பவில்லை.

"எழும்பும் பிள்ளை, உவன் பாக்கிறான்." பக்கத்திலிருந்த அன்ரி என் தோளைக் கிள்ளினார்.

"பாக்கட்டும் அன்ரி. புட்டு ஆறுது."

"உமக்கென்ன விசரே? இப்பத்தான் தம்பியை இங்க கூப்பிட ஸ்பொன்சர் பண்ணினனீர். வேலை போனா அவன் அங்கையே கிடக்க வேண்டியதுதான்."

அது உண்மை. இன்னொரு வாய் புட்டு அள்ளினேன்.

சூப்பர்வைசர் மேசையருகே வந்து, சுகமில்லையா என்று கேட்டான். சுகம்தான், சாப்பிடுகிறேன் என்றேன். மேசைக்கடியில் என் முழங்கால்கள் நடுங்கின. நடுங்கட்டும். அவை என்னுடையவை, அவற்றிலிருந்து அவனுக்கு ஒரு கிரீடம் செய்து கொடுக்க மாட்டேன்.

வேலை போகவில்லை. அடுத்த கிழமை என்னை அடுப்பு வாசலுக்கு மாற்றினான். அந்தச் சூட்டில் நிற்க வேறு ஆள் கிடைப்பதில்லை. தீய்ந்த சீனி மணம் தலைமயிரில் ஏற வீடு போனேன். மத்தியானங்களில் எழும்பாமல் இருந்தே சாப்பிட்டேன். அன்ரி மட்டும் தவறாமல் எழும்புவார். எழும்பி, அவன் கோப்பி ஊற்றத் தொடங்கியதும், "ஐயோ, என்ர கால் உழையுது," என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு, தொப்பென்று கதிரையில் இருந்துவிடுவார்.