ஜெர்மன்காரரின் கசெட்

என் அலமாரியின் மேல்தட்டில், கடவுச்சீட்டுகளுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவே, ஒரு கசெட் பெட்டி இருக்கிறது. உள்ளே கசெட் இல்லை. மடித்துச் செருகிய தாளில் நீல மையால் ஜெர்மன் மொழியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது அர்த்தம் கேட்கத் தைரியமும் வந்ததில்லை. வீட்டைத் துப்புரவாக்கும் போதெல்லாம் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்க்கிறாள். "வெறும் பெட்டியை வைச்சுக்கொண்டு என்னப்பா செய்யப் போறியள்?" என்று கேட்பாள். நான் ஒரு மனிதனுக்குச் செய்த பாவத்துக்கு இந்தப் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவரை நாங்கள் ஜெர்மன்காரர் என்றுதான் சொல்வோம். மெல்பேர்னில், டண்டினோங் பக்கம் அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்த ஒரு பழைய வீட்டில், அவர் அறைக்கும் என் அறைக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான். மற்ற அறைகளில் என்னைப் போலவே கோழி ஆலையில் வேலை செய்த தமிழ்ப் பெடியன்கள். ஜெர்மன்காரர் கொளுத்தும் கோடையிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். அவருடைய கிற்றாரில் ஐந்து கம்பிகள்தான். ஆறாவது அறுந்தபோது, அதற்குப் போக விருப்பம், போகட்டும் என்று விட்டுவிட்டாராம். தன் நாட்டில் நிலவறைகளில் பத்துப் பதினைந்து பேருக்குப் பாடியவர். அதுவும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நாட்டார் பாட்டும் புளூஸும் கலந்த ஏதோ ஒன்று. யாராவது கைதட்டினால் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். ஒரு பெண்ணை நம்பி இங்கே வந்தார். அவள் போய்விட்டாள், இவர் மிஞ்சிவிட்டார். எங்களுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. அவருக்கு விசர் என்று முதல் கிழமையே முடிவு கட்டிவிட்டோம்.

அதிலும் பெரிய பகிடி, அவர் பாடத் தொடங்கும் விதம். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் ஆடாமல் அசையாமல் இருப்பார். பெடியன்களில் ஒருவன் அதேபோல் கண்ணை மூடிக் குந்தியிருந்து, "அண்ணை பாடுறார், கேளுங்கோடா" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருமுறை அவரிடமே ஏன் என்று கேட்டேன். முதலில் அறை அடங்க வேண்டும், அதுவும் பாட்டுத்தான் என்றார். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். அதை மனதில் வாங்கவில்லை.

ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பல நாட்களாக ஒன்றும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். போகும்போது என் கையைப் பிடித்து இந்தக் கசெட்டைத் தந்தார். வாழ்நாளில் தன் பாட்டைப் பதிவுசெய்ய அவர் யாரையும் விட்டதில்லை. இது ஒன்றுதான், தானே தன் அறையில் செய்தது என்றார். கசெட்டின் முதுகிலிருந்த இரண்டு சின்னத் தகடுகளையும் கத்தியால் உடைத்திருந்தார். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. இனி இதை யாரும் கொல்ல முடியாது என்று சொல்லிச் சிரித்தார். பாவம், அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. அந்த ஓட்டையில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டினால் போதும் என்பது எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். பிரசங்கத்தின் மேல் சினிமாப் பாட்டு, சினிமாப் பாட்டின் மேல் வெளிநாட்டுக் குரல்கடிதம் என்று ஒரே கசெட்டை ஏழெட்டு முறை பதிந்தவர்கள் நாங்கள்.

அந்த மாதமே பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் சிட்னியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரிலிருந்து சேதி கொண்டுவந்த வேறொருவர் மறுநாள் விடிய ஊருக்குத் திரும்புகிறார், இரண்டு மணித்தியாலத்தில் டண்டினோங் வழியாக விமான நிலையம் போகிறார் என்றார். "தம்பி, நீர் வழியில செத்துப்போனீர் எண்டு வன்னியில கதை. கொம்மா எட்டுச் செலவுக்கு ஆயத்தப்படுத்துறா. கடிதம் குடுத்தால் நம்பமாட்டா, ஆரும் எழுதலாம் எண்டுவா. உம்மட குரலைப் பதிஞ்சு குடும்."

அன்று இந்த நாட்டில் ஒரு கடை திறந்திருக்காது. பெடியன்கள் விடுமுறைக்கு அறைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உயிரோடு இருக்கும் எனக்கு அம்மா எட்டாம் நாள் சாவுச் சடங்கு செய்யப் போகிறார். ஜெர்மன்காரரின் கசெட்டை எடுத்து ரேடியோவில் போட்டேன். ஒரு நிமிடம் வெறும் இரைச்சல். மறுபக்கம் திருப்பினேன். அங்கும் அதே இரைச்சல். விசரன் வெறும் கசெட்டையல்லவா காவல் காக்கிறான் என்று நினைத்தேன். அப்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒட்டுநாடா ஒட்டினேன். "அம்மா, நான் உயிரோட இருக்கிறன்" என்று தொடங்கி, அழுது, திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகிறவர் வந்து, பாரம் குறையட்டும் என்று பெட்டியை என்னிடமே தந்துவிட்டு, கசெட்டை மட்டும் விசுக்கோத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி, கறன்ற் இல்லாதபடியால் சைக்கிளைக் குத்தி நிப்பாட்டி, டைனமோவில போட்டுக் கேட்டனாங்கள். ஊரே வந்து உன்ர குரலைக் கேட்டது. நீ கதைச்சு முடிய ஒரு வெள்ளைக்காரன் பாடுறான், அது ஆர் மோனை? பாஷை விளங்கேல்லை. ஆனால் நெஞ்சை என்னவோ செய்யுது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொண்ணன் பெடலை மிதிக்க, அதையும் கேட்டுத்தான் படுக்கிறனான்." கடிதத்தைப் பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டேன். அறை அடங்கவென்று அவர் விட்ட நேரத்தைத்தான் நான் வெறும் கசெட் என்று எண்ணியிருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி அன்றே எழுதினேன். அதற்குள் அங்கே இடப்பெயர்வு. உடுத்த துணியோடு ஓடினோம், சைக்கிளும் கசெட்டும் வீட்டோடு போச்சுது என்று பதில் வந்தது. அம்மாவும் இப்போது இல்லை.

ஜெர்மன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கசெட்டைக் கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றேன். இரண்டாம் கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சிட்னிக்கு, கிரவீனில் ஒரு சிநேகிதன் வீட்டுக்கு, ஓடிப்போனேன். அவரைப் பற்றி இணையத்தில் இன்று நாலைந்து பேர் எழுதுகிறார்கள். மெல்பேர்னில் பதிந்ததாக அவர் சொன்ன கசெட் சுத்தப் பொய், கிறுக்கன் கட்டிய கதை என்று அதில் இருக்கிறது. அதை மறுக்கக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நாங்கள் மெல்பேர்னுக்கே திரும்பி வந்து வெரிபீயில் இருக்கிறோம். போன வருடம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, கிளென் வேவர்லிப் பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "அங்கிள், எங்கட இடத்தில ஒரு ஜெர்மன் கிழவர், வெயிலுக்கையும் கோட்டோடதான். எல்லாம் மறந்துபோச்சு. ஆனால் தமிழ் ஆக்களைக் கண்டால் மட்டும் 'என்ர டேப் எங்கை' எண்டு கையைப் பிடிக்கிறார்."

அடுத்த நாளே பெட்டியை எடுத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, கடைசியில் 'என் அம்மா தினமும் உங்கள் பாட்டைக் கேட்டார்' என்று சொல்வது என்று வழி நெடுகப் பாடமாக்கிக்கொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பெட்டியைத் தெரிந்தது. வாங்கி, திறக்காமல், இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாயெடுத்தேன். அவர் விரலை உயர்த்தினார்.

"பொறு. இன்னும் தொடங்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

அப்படியே அசையாமல் இருந்தார். நானும் இருந்தேன். இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம். நான் மூச்சைச் சற்றுப் பலமாக விட்டாலும் அவருடைய விரல் உயர்ந்தது. சாப்பாட்டு நேரம் வந்து அந்தப் பிள்ளை அவரைக் கூட்டிப்போனாள். இருபது நாள் கழித்து இந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்ததும் அவள்தான். "நித்திரையிலேயே போயிட்டார், அங்கிள்" என்றாள்.

மேல்தட்டில் கை படும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். என் அம்மா உங்கள் பாட்டைக் கேட்டார் என்ற அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு இனி ஆளில்லை.