பலகையில் ஒரு தவளை

"ஐப்பசி மூன்றாம் ஞாயிறு: குளத்தின் கிழக்குக் கரைக்கும் சிமென்ட் பூசி முடித்தார்கள்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

தருமபுரத்தில் எங்கள் குடியிருப்பு நலச்சங்கம் குளத்தை அழகுபடுத்தியது. மற்ற மூன்று கரைகளும் சிமென்டான பிறகு அல்லிக்கும் தவளைக்கும் மிஞ்சியது அந்த மண்கரைதான். அதையாவது விட்டுவைக்கச் சொல்லி, பூச்சு தொடங்குமுன் சங்கத் தலைவரிடம் போனேன்.

"மண்கரைன்னா பாம்பு வரும் சார். கடிச்சா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"பாம்பு தவளைக்காக வருதுங்க, தவளை பூச்சிக்காக வருது. அதுதானே சூழல் மண்டலம்?"

"அட, நல்ல வார்த்தையா இருக்கே! குளத்தில வைக்கிற பலகைக்கு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க."

கரை கேட்கப் போன எனக்குப் பலகை கிடைத்தது. உயிர்களும் மண்ணும் நீரும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இடமே சூழல் மண்டலம் என்று எழுதினேன். நிலத்தில் காடு, புல்வெளி, பாலை. நீரில் கடல், கழிமுகம், குளம். மனிதர் உண்டாக்கியதற்குப் பக்கத்து ஊரான நெடுங்காட்டின் நெல்வயல். வயலைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று தலைவர் அதை நீக்கி, அங்கே பென்குவின் வரையச் சொன்னார். குளத்துக்கு அல்லி இலைமேல் ஒரு தவளைப் படம். அது இப்போது சிமென்ட் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. திறப்பு விழாவில் கொசுக்கடி தாங்காமல் இயற்கையைப் பற்றிய பேச்சைப் பாதியில் முடித்த தலைவர், மறுநாளே கொசுப்புகை அடிக்க ஆள் கேட்டார்.

நேற்று மழை விட்டதும் தவளைச் சத்தம் கேட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். நானும் போய் நெடுநேரம் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. உறுதியாகாத தகவல் என்றே குறித்திருக்கிறேன்.