ஓடுதளத்துப் புல்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் நீளமாக ஒரு புல்வெளி இருக்கிறது. அரசு நிலம். ஒரு காலத்தில் சின்ன விமானங்கள் அதில் இறங்கின. சிமெண்ட் கிடையாது, தார் கிடையாது. வெறும் புல்தரை, ஓரத்தில் காற்றின் திசை காட்டத் துணிப்பை கட்டிய கம்பம். அதன் வரலாற்றை எழுதித் தரும்படி குடியிருப்போர் சங்கம் என்னிடம் கேட்டது. ஒரு தகவலை இரண்டு பேராவது சொன்னால்தான் எழுதுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பழைய ஆட்களைத் தேடி ராஜகீழ்ப்பாக்கம் வரை போனேன். விமானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில்கூட ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னது ஒன்றைத்தான்: புல்லை மட்டமாக வைத்திருந்தவை மாடுகள். மேயவிட்டிருப்பார்கள்; விமானச் சத்தம் கேட்டதும் ஓட்டிவிடுவார்கள். விமானங்கள் நின்ற பிறகும் மேய்ச்சல் நிற்கவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காவின் மாடுகள் போன வருடம் வரை அங்கேதான் மேய்ந்தன.

அந்த ஒன்றைத்தான் நான் எழுதவில்லை. மாடு வந்தால் கட்டுரையின் கம்பீரம் குறையும் என்று நினைத்தேன். 'பாதுகாக்கப்பட வேண்டிய இடம்' என்று முடித்தேன். சங்கம் அதை, நிலத்தைப் பாதுகாக்கக் கோரும் மனுவோடு சேர்த்து அரசு அலுவலகத்துக்கு அனுப்பியது. வேலி வந்தது. வேலியில் ஒரு பலகை. பலகையில் என் வாக்கியங்கள்.

அக்கா வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகப் படப்பைப் பக்கம் விலைக்குப் போயின. ஒன்றுதான் மிச்சம்.

இப்போது வேலிக்குள் புல் இடுப்பளவு நிற்கிறது. பாம்பு வருகிறது, புல்லை வெட்டச் சொல்லி மனு எழுதுங்கள் என்று சங்கத்தார் மறுபடி என்னிடமே வந்தார்கள். மாடுகளை உள்ளே விடும்படி கேட்டு எழுதலாம் என்றேன். மறுநாள் காலை அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் பால் அளந்துகொண்டே சிரித்தார்.

"இன்னா சார், ஒரு மாடு எவ்ளோ புல்லு துன்னும்? பிளேன் எறங்குச்சுன்னு நீங்கதானே போர்டுல எழுதிக்கீறீங்க? அந்தப் பிளேனையே மேய வுடுங்க."

"தப்பு என்னோடதுதான், அக்கா."

"வுடுங்க சார். பாத்திரத்த நேரா புடிங்க, சிந்தப் போவுது. நாளையிலேர்ந்து பாக்கெட்டு பாலு வாங்கிக்குங்க. இந்த ஒன்னையும் ஓட்டிகினு போவ ஆளு வருது."

மனுவை அன்றே எழுதிக் கொடுத்தேன். மாடுகளைப் பற்றி முதல் பத்தியிலேயே இருக்கிறது. யாருடைய மாடுகள் என்று அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.