லைனர் வேணுமா, வேண்டாமா?

குழந்தைகளுக்குக் கட்டும் துணி நாப்பி விற்கிறவளிடம் துணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் அதில் ஆகிற சமாச்சாரத்தைப் பற்றித்தான். மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் என் கடை. இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நாப்பிக்குக்கூட அவ்வளவு சண்டை கிடையாது. அதற்குள் மேலாக விரிக்கிற மெல்லிசான லைனர் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. குழந்தை ஆய் போனால் லைனரில் விழும். அதை எடுத்துக் கழிப்பறையில் தட்டிவிட்டுக் குப்பையில் போட்டால் நாப்பி தப்பித்தது. இவ்வளவுதான் விஷயம். இதை வைத்து ஒரே ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உள்ளுக்குள் இன்னொன்றா?

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்தாள் நித்யா. தோளில் கைக்குழந்தை, பின்னால் கணவர் கார்த்திக். ஒரு தரம் போட்டுத் தூக்கி எறிகிற டயப்பர் போட்டால் குழந்தைக்குத் தொடையெல்லாம் சிவந்துவிடுகிறது, அதனால் துணிதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் பிரசவ லீவு முடியப்போகிறது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஈரத்துணி எவ்வளவு வேண்டுமானாலும் அலசுவேன், ஆய்த்துணியைத் தேய்க்க மாட்டேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "அவங்க வரலைன்னா நான் வேலையை விட வேண்டியதுதான் அக்கா" என்றபோது நித்யாவின் குரல் இறங்கிவிட்டது.

லைனர் பாக்கெட்டை எடுத்து வைத்தேன். கார்த்திக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் ஹெல்மெட் இருந்தது. வியர்வைக்காக ஹெல்மெட்டுக்கு அடியில் கட்டிக்கொள்கிற கைக்குட்டை இன்னும் தலையிலேயே இருந்தது. நான் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "உள்ளுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு மேடம்? யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

அழுக்காகாத லைனர்

கணவர் பேச்சைக் கேட்காமல் நித்யா ஒரு பாக்கெட் வாங்கிப் போனாள். அடுத்த வாரம் போன் வந்தது. "அக்கா, லைனர் போட்டும் எல்லாம் நாப்பியிலதான் இருக்கு. ஸ்டெல்லா அக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்காங்க." எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரக்கே மோசமோ என்று ஒரு லைனரைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிக்கூடப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்கு வந்த நித்யாவின் மாமனார் கடைக்குள் எட்டிப் பார்த்தார். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றாத ரகம். மத்தியானத்தில் குழந்தைக்கு நாப்பி மாற்றுவது அவர்தானாம். பெருமை பொங்க என்னிடம் ரகசியத்தைச் சொன்னார்: "உள்ள வச்சா வீணாப் போறதும்மா. நான் நாப்பிக்கு வெளிப்பக்கம் வச்சுடறேன், நாலு நாளா ஒரே லைனர்தான் ஓடிண்டிருக்கு!"

தண்ணீர் குடிக்காத துணி

மாமனாருக்கு உள்பக்கம் எது என்று கற்றுக்கொடுத்து முடித்தேன். அடுத்ததாக நாப்பியே ஒழுக ஆரம்பித்தது. இந்தத் தடவை நித்யாவோடு ஸ்டெல்லா அக்காவும் நேரில் வந்துவிட்டார். வீடு சாந்தோம் பக்கம் குப்பத்தில். குரல் மட்டும் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். "தொட்டிலு, பாயி, என் பொடவ, அல்லாம் ஈரம். இதோட மறுபடி ஆயித்துணியும் வந்துச்சின்னா திங்கக்கெயமலேந்து நான் வரமாட்டேன்" என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் நித்யா ஆபீஸ் போக வேண்டிய நாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் என்னவோ போலிருந்தது.

அவர்கள் கொண்டுவந்த நாப்பியைக் கவுண்டரில் விரித்து டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. மோந்து பார்த்தால் தேங்காயெண்ணெய்! தினமும் குளிப்பாட்டும் முன் ஸ்டெல்லா அக்கா குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறார். குளித்த பிறகும் இடுப்பு மடிப்பிலும் தொடையிலும் இன்னொரு தரம். அத்தனையும் துணியில் ஏறிவிட்டது. வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள், எண்ணெய் தடவினால் அவசியம் லைனர் போடுங்கள், கொஞ்சம் குறைத்துத் தடவினாலும் நல்லது என்றேன். கடைசி யோசனைக்கு உடனே பதில் வந்தது: "இன்னாமா நீ, கொயந்தைக்கி எண்ணெ வெக்காம உன் துணிக்கா பயந்துகினு கீறது?"

கொள்கைக்கு வந்த சோதனை

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. ஸ்டெல்லா அக்கா சர்ச்சுக்குப் போகும் நாள், அதனால் லீவு. பழைய சுடிதார் எதுவும் பற்றவில்லை என்று நித்யா தி. நகர் போய்விட்டாள். லைனரை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கார்த்திக் தம் கொள்கைப்படி அதைத் தொடவில்லை.

இரண்டு நாளாக ஆய் போகாமல் இருந்த குழந்தை, அப்பா கைக்கு வந்ததும் மொத்தக் கணக்கையும் தீர்த்துவிட்டது. நாப்பியை மாற்றினார், அதிலும் போயிற்று. இரண்டையும் வாளியில் போட்டு வைத்தால் காலையில் ஸ்டெல்லா அக்கா பார்ப்பார். பார்த்தால் வந்த வழியே திரும்பிப் போவார். நித்யாவின் வேலை அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் குழாயடியில் குத்துக்காலிட்டுத் தேய்த்திருக்கிறார் மனிதர். நித்யா திரும்பிய பிறகு என் கடைக்கு வந்து நின்றபோது சட்டைக் கை இரண்டும் நனைந்திருந்தது. தலையில் இருக்க வேண்டிய கைக்குட்டை மூக்கில் கட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை: "மேடம், லைனர் இருக்கிறதெல்லாம் குடுங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போட்டா தப்பில்லையே?"

திங்கட்கிழமை

அந்தத் திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. போன் பண்ணிக் கேட்கவும் தயக்கம். சாயங்காலம் ஸ்டெல்லா அக்காவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காற்றாட இந்தப் பக்கம் வந்தார். நித்யா ஆபீஸ் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் குழந்தைக்கு ஒரு தொப்பியைச் சும்மாவே கொடுத்துவிட்டேன். கடைசியில் லைனர்தானே உங்களைப் போகவிடாமல் பிடித்து வைத்தது என்று கொஞ்சம் கர்வமாகவே கேட்டேன். அவர் கையை வீசினார்: "லைனரா? அத்த வுடுமா. காலைல போனேன், அந்த சாரு தோச்ச துணி கொடில தொங்கிகினு கீது. கறை அப்டியே கீது, ஆனா அவரு கையால தோச்சிருக்காரு பாரு, அந்த ஊட்ட வுட்டு நான் எங்க போறது?"

இப்போதெல்லாம் லைனர் வேணுமா வேண்டாமா என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டில் துணி தோய்க்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் பாக்கெட்டையே எடுக்கிறேன்.