மூன்றாவது முந்திரிகைக் கொடி

எங்கள் ஊரில் திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். வீட்டு வளவின் மூலையில் சின்னம்மா மூன்று முந்திரிகைக் கொடிகளை வைத்துப் பந்தலிட்டிருந்தார். சின்னம்மா என் தாயாரின் தங்கை. கலியாணமாகாமல் எங்களோடு இருந்தவர். பிடித்தால் உடும்புப் பிடி. அந்த வருடம் கொடிகள் பிஞ்சு பிடிக்கும் நேரம் பார்த்துக் கிணறு வற்றத் தொடங்கியது. மேலும் இறைத்தால் உவர் ஏறிவிடும் என்று பயந்த ஐயா, என் தகப்பனார், தண்ணீர் வீட்டுக்கும் புகையிலைக்கும் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்.

"முந்திரிகைக்கு விடியக்காலமை ஒரு வாளி. அதுக்கு மேலை ஒரு சொட்டும் இல்லை" என்றார் ஐயா.

"ஒரு வாளி காணும்" என்றார் சின்னம்மா.

போதும் என்று அவர் சொன்னது வீம்புக்கு. ஒரு வாளியை ஊற்றினால் மேல்மண்ணே குடித்துவிடும். வேருக்கு ஈரம் எட்டாது. இலைகள் சுருண்டன. வெட்டி ஆட்டுக்குப் போடலாம் என்று ஐயா யோசனை சொன்னார்.

பனையேறுபவர் ஒருவரின் மனைவி தினமும் காலையில் குடத்தோடு எங்கள் வாசல் படலைக்கு வெளியே நிற்பாள். அவர்கள் எங்கள் கிணற்றைத் தொடக்கூடாது. எங்களில் யாராவது அள்ளிக்கொண்டுபோய் ஊற்றும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அவளிடம் சின்னம்மா பனையில் கட்டிக் கள் இறக்கும் பழைய மண்முட்டிகள் கேட்டார்.

"நாச்சியாருக்கு உந்தப் பழைய முட்டியள் என்னத்துக்கு?" என்று அவள் சிரித்தாள்.

கோயிலிலிருந்து வந்த ஐயா, முற்றத்தில் முட்டிகள் வரிசையாக இருப்பதைக் கண்டு, கள்ளுக்கடையையே கண்டவர்போலக் குதித்தார். "சைவ வீட்டிலை தவறணை திறக்கப் போறியளோ?"

சின்னம்மா ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஒரு முட்டியைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடினார். மண்முட்டி மெல்லக் கசிந்து வேரை மட்டும் நனைக்கும் என்பது அவர் எண்ணம். மறுநாள் பார்த்தால் தண்ணீர் அப்படியே நின்றது. கருப்பநீர், அதாவது பதநீர், புளிக்காதிருக்கப் பூசிய சுண்ணாம்பு உள்ளே தடித்துக் கசிவை அடைத்துக் கிடந்தது. சின்னம்மா மனம் தளரவில்லை. முட்டிகளைத் தோண்டியெடுத்து, அம்மாவின் புளிப்பானையைக் காலிசெய்து, சுண்ணாம்பு கரையும்வரை விரல் சிவக்கத் தேய்த்தார். பிறகு பல நாள் எங்கள் வீட்டுக் குழம்பில் புளியில்லை. ஆனால் முட்டிகள் கசிந்தன, இலைகள் நிமிர்ந்தன. அந்த வாளியிலிருந்து ஒரு மிடறு குடித்ததற்கு நான் சின்னம்மாவிடம் அடி வாங்கினேன்.

சித்திரை வெயிலில் கிணறு இன்னும் இறங்கியது. "இனிப் படலையிலை ஆருக்கும் ஊத்தவேண்டாம். அவை வேறை கிணறு பாக்கட்டும்" என்றார் ஐயா. மற்றக் கிணற்றுக்காரர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். அவள் மறுநாளும் வந்து நின்றாள்.

சின்னம்மா ஐயாவோடு வாதாடவில்லை. அவர் தோட்டத்துக்குப் போனபின் தன்னுடைய வாளியை அள்ளினார். இரண்டு முட்டிகளை நிரப்பினார். மிச்சத்தைக் கொண்டுபோய் அவளுடைய குடத்தில் ஊற்றினார். கோடை முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை.

மூன்றாவது கொடி காயத் தொடங்கியது.

"சின்னம்மா, அது சாகப்போகுது!"

"ஓம், சாகும்" என்றார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஐயாவிட்டை இதைப்பற்றிக் கதைச்சாய் எண்டால் தோலை உரிப்பன்."

மற்ற இரண்டும் குலைகுலையாகக் காய்த்தன. பார்க்க வந்த ஊராருக்கு ஐயா முட்டி வித்தையைத் தாமே கண்டுபிடித்தவர்போல விளக்கினார். காய்ந்த கொடியைக் காட்டிக் கேட்டவர்களிடம், "அந்த மூலை மண் சரியில்லை" என்றார். சின்னம்மா பழம் பரிமாறினார்.

எனக்குச் சின்னம்மாமேல் தாங்கமுடியாத கோபம். இத்தனை பாடுபட்டு வளர்த்ததைத் தன் கையாலேயே சாகவிட்டாரே என்று, காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாயில்லாத கொடி, தண்ணீர் தா என்று அதனால் கேட்க முடியுமா? படலைக்கு வெளியே நின்றவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் எப்போதும் அங்கே நிற்பவள்தானே.