சிக்னல் கிடைக்கிற மூலை

உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, மொட்டைமாடியின் கிழக்கு மூலையில் நிற்கிறார் செந்தமிழ்செல்வன். கழுத்தில் கம்பளித் துண்டு. குமராட்சிப் பக்கம் சித்திரை வெயிலில் கம்பளி சுற்றுகிற மனிதர் அவர் ஒருவர்தான். தூரத்தில் டமார் டமார் என்று கேட்கிறது.

"கேக்குதா மாமா? இலங்கையில ஷெல் அடிக்கிறான். காத்து இந்தப் பக்கம் வீசுது, அதான் கடலத் தாண்டி வருது" என்கிறார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"மாப்ளே, அது கீழத்தெருவுல காத்தவராயன் சாவுக்குப் போடுற வெடி. உங்கூட ஒண்ணாப் படிச்சவன்தான. நீ வரலியா?" என்றேன்.

"ஒரு கவிதை வந்துகிட்டு இருக்கு மாமா. இப்ப எறங்கி வந்தா அறுந்துடும்."

காத்தவராயனை எடுத்து அடக்கம் செய்துவிட்டு நாங்கள் திரும்பியபோது, 'கொள்ளிடக் கரையில் கேட்ட குண்டு' என்று கவிதை தயாராக இருந்தது. பாரீசில் இருக்கிற ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

இவருக்கு வீட்டில் வைத்த பேர் கலியமூர்த்தி. பிரான்சுக்குப் போய்த்தான் செந்தமிழ்செல்வன் ஆனார். அங்கே என்ன உத்தியோகம் என்று கேட்டால், "மனுசனோட தனிமைய எழுதறேன்" என்பார். ஓட்டலில் தட்டு கழுவுகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறார் என்று பாண்டிச்சேரியில் இருக்கும் அவருடைய சகலை சொன்னார். அதில் என்ன கேவலம்? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குழாய் ஸ்பீக்கரைத் தலையில் சுமந்து வீடு வீடாகப் போனவன். இன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெரிய கூட்டம் என்றால் என் மைக்செட்டைத்தான் தேடுகிறார்கள். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, கேட்காதவர்களிடமும் சொல்வேன். தன் உழைப்பை மட்டும் மறைத்துவிட்டு உழைக்கிறவன் எல்லார் மேலும் இவர் கவிதை எழுதுகிறாரே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

2009ஆம் வருஷம் நீண்ட லீவில் வந்தார். கிராமத்தையும் போரையும் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் எழுதப்போவதாகச் சொன்னார். மண்ணின் மணம் என்று எழுதுவதற்காக ரப்பர் பூட்சு போட்டுக்கொண்டு வரப்பில் இறங்குவார். பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு மேலே ஏறுவார். எருமையைக் கண்டால் நிறுத்திவைத்துப் படம் எடுப்பார். "எங்கூட்டு எரும பாரீசுக்குப் பூடுச்சி. பாலு மட்டும் இங்கியே கறக்குது" என்று எருமைக்காரி சௌந்தரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்த எருமையும் கவிதையில் வந்தது, தாய்மை என்று. அது இன்னும் கன்று போடாத கிடேரி, பால் கறப்பது அதன் அம்மா.

சாயங்காலமானால் மாடியில் கவிதை வாசிப்பார். ஊரும் கேட்கட்டும் என்று ஒரு மைக்கும் பெட்டி ஸ்பீக்கரும் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஊரில் அவரவர் வீட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தவறாமல் மேலே வந்து நின்றார். பேர் யோகநாதன். இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருக்கிறவர், நாற்பது தாண்டியவர். செந்தமிழ்செல்வன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், வேலை முடியும்வரை அங்கேயே தங்கியிருந்தார். கையில் செல்போனைப் பிடித்தபடி, கிழக்கு மூலையையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். "ஒரு வாசகன் போதும் மாமா. இவன் கண்ணுல போர் தெரியுது" என்பார் செந்தமிழ்செல்வன்.

கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை முடிந்துவிட்டது என்று சேதி வந்த பிற்பாடு, ஒரு சாயங்காலம். நடுக் கவிதையில் ஸ்பீக்கர் டிக்கிடிக்கி டிர்ர் என்று இரைந்தது.

"உங்க செட்டு பழசாயிடுச்சு மாமா" என்றார்.

என் செட்டையா சொல்கிறார்? எந்த இரைச்சல் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான். செல்போனுக்கு அழைப்பு வரப்போகிறது என்றால், மணி அடிக்கும் முன்னாலேயே ஸ்பீக்கர் இரையும். "செட்டு புதுசுதான் மாப்ளே. யோகநாதன் கைல இருக்கிற போன்தான் இரையுது" என்றேன். சொல்லி முடிக்கும் முன்னே போன் ஒரு தடவை அடித்து நின்றது. பெயிண்ட் மேஸ்திரியின் மிஸ்டு கால்.

"தம்பி, கவிதை கேக்க வந்த எடத்துல போன் எதுக்கு?"

யோகநாதன் தயங்கினார். "அண்ணை, என்ர அக்காவை அங்க முகாமில வச்சிருக்கினம். உயிரோட இருக்கிறா எண்டு லண்டன்ல இருந்து சேதி வந்தது. பின்னேரத்தில ஆரும் தங்கட போனைக் குடுத்தால் எனக்கு எடுத்துக் கதைப்பாவாம். கீழ சிக்னல் இல்லை. இந்த மாடியில கொஞ்சம் வருது, நீங்கள் நிக்கிற மூலையிலதான் தெளிவா வருது."

"அப்ப நீ கவிதை கேக்க வரலியா?"

யோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

செந்தமிழ்செல்வன் கவிதைத் தாளைத் திருப்பினார். "சரி, நில்லு. ஆனா இது முடியற வரைக்கும் போன அணைச்சு வையி. இதுவே உங்கக்காவுக்கான கவிதைதான்."

"நாளைக்கும் உன் கவிதை இருக்கும் மாப்ளே, அவருக்குப் போன் வருமா?" என்றேன். அவர் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். கூலி கொடுக்கிற வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரே என்று யோகநாதன் கட்டைவிரலை போனை அணைக்கிற சிவப்புப் பொத்தான் மேல் வைத்தார். அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

ஸ்பீக்கர் மறுபடியும் டிக்கிடிக்கி டிர்ர் என்றது.

நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். மைக் செத்துப்போனது. அந்த அமைதியில் போன் அடித்தது.

"அலோ... அக்கா? அக்கா, கேக்குதில்லை." நின்ற இடத்தில் குரல் விட்டு விட்டு வந்திருக்க வேண்டும். யோகநாதன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கிழக்கு மூலையைப் பார்த்து நடந்தார். அங்கே செத்த மைக்கைப் பிடித்தபடி செந்தமிழ்செல்வன். இரண்டு மாதமாக அந்த மூலையை அவர் யாருக்கும் விட்டதில்லை. மழை தூறியபோதுகூட குடை பிடித்து நின்றவர். யோகநாதன் பக்கத்தில் வந்ததும், விலகி இடம் விட்டார்.

"ஓம் அக்கா... ஓம்... பிள்ளையள்? பெரியவன்?"

பதிலைக் கேட்டுக்கொண்டே யோகநாதன் சுவரோரம் மெல்லக் குந்தினார். அன்று காலையில் அவர் அடித்த பெயிண்ட் முதுகெல்லாம் ஒட்டியது.

செந்தமிழ்செல்வன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்பதுபோல, கம்பளித் துண்டின் நுனியை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. இன்னொரு கை, அவருக்கே தெரியாமலோ என்னவோ, மெதுவாக ஜிப்பாப் பைக்குள் போய்ப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.